பன்னிரண்டாவது கட்டம்

ஸ்கேல் சாருக்கு ஒரு பெயர் இருந்தது. அது வருகைப் பதிவேட்டோடு சரி. யார் எந்தத் தாளைக் கொண்டுபோய் நீட்டினாலும் முதலில் சட்டைப் பையிலிருந்து ஆறங்குல ஸ்கேலை உருவி நான்கு ஓரத்தையும் அளப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்பதெல்லாம் அப்புறம். கெட்டவர் என்று சொல்ல வாய் வராது. நாற்பது பேர் இறங்கி வேலை செய்யும் சுரங்கப் பள்ளத்துக்கு அவர்தான் பாதுகாப்புப் பொறியாளர். அப்படிப்பட்டவர் கறாராக இருப்பது நல்லதுதானே என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

படக்காரியும் அப்படித்தான் நினைத்தாள். அவளுக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்தவர்கள் பள்ளத்துத் தொழிலாளிகள். தினமும் காலை ஏழு மணிக்கு அவர்கள் ஷெட்டில் ஒரு தாள் ஒட்டப்படும். அதை வரைவது அவள் எழுதிய புரோகிராம். பள்ளத்தின் தலைக்கு மேல் நிற்கிற மலைச்சரிவில் அங்கங்கே விரிசல்கள். விரிசலுக்கு ஒரு கருவி. கருவி நிமிஷத்துக்கு ஒரு தடவை தன் கணக்கை அனுப்பும். பதினோரு கருவிக்குப் பதினோரு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று கோடு: விரிசல் அகலமாவது நீலம், பக்கவாட்டில் நகர்வது பச்சை, கீழே இறங்குவது ஆரஞ்சு. கோடு படுத்துக் கிடந்தால் மலை சும்மா இருக்கிறது என்று அர்த்தம். எல்லையைத் தாண்டி ஏறினால் அந்தக் கட்டத்தைச் சுற்றியுள்ள சட்டம் சிவப்பாகிவிடும். சிவப்பு வந்தால் அளவுக்காரர் மேலே போய் டேப் வைத்து அளந்து எண்ணைச் சொல்ல வேண்டும். அந்த எண்ணும் எல்லையைத் தாண்டியிருந்தால் ஸ்கேல் சார் சங்கு ஊதுவார், பள்ளம் காலியாகும். மூன்று வருஷமாக யாரும் சிவப்பைப் பார்த்ததில்லை.

அந்த அளவுக்காரர் அவளுடைய புருஷன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளைப் பாடாய்ப் படுத்தியது மலையல்ல, லெஜண்ட். எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று சொல்லும் அந்தச் சின்னப் பெட்டியைக் கட்டத்துக்கு ஒன்றாக வைத்திருந்தாள். எங்கே காலியிடம் இருக்கிறதோ அங்கே போய் உட்காரும்படி விட்டிருந்தாள். அதுவும் சொன்ன பேச்சைக் கேட்டது. ஒரு கட்டத்தில் மேல் மூலையில், பக்கத்துக் கட்டத்தில் கீழ் மூலையில், இன்று இங்கே, நாளை அங்கே. ஸ்கேல் சார் தாளைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா இது, தவளை மாதிரி கட்டத்துக்குக் கட்டம் குதிக்குது? பார்க்கறவனுக்குத் தலை சுத்தாது?"

அவளுக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்தாள். தாளில் வரிசைக்கு நான்காக மூன்று வரிசை, ஆகப் பன்னிரண்டு இடம். கருவியோ பதினொன்று. கடைசி இடம் சும்மா வெள்ளையாகக் கிடந்தது. பதினோரு பெட்டியையும் தூக்கிவிட்டு, ஒரே ஒரு பெரிய பெட்டியை அந்தக் காலியிடத்தில் வைத்தாள். அங்கே கோடில்லாத வெற்றுக் கட்டம் ஒன்று தெரிந்துகொண்டிருந்தது. கடைசிக் கட்டத்தை மறைத்துவிடு என்று புரோகிராமில் ஒரு வரி சேர்த்ததும் அதுவும் போயிற்று. தாள் துடைத்து வைத்ததுபோல் ஆனது.

ஸ்கேல் சார் ஸ்கேல் வைத்துப் பார்த்தார், தூரத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு "பரவாயில்லையே" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது அத்தி பூத்தாற்போல. அன்று சாயங்காலம் அதை வீட்டில் மூன்று தடவை சொல்லிக் காட்டினாள். மூன்றாவது தடவை மாமியார், "புருஷனும் பொண்டாட்டியுமா அந்த மலையையே கட்டிக்கிட்டு அழுங்க. வீட்டுல உளுந்து தீர்ந்து நாலு நாளாச்சு" என்று எழுந்து போய்விட்டாள்.

அவள் எழுதிய வரியில் ஒரு தப்பு இருந்தது. காலியான கட்டத்தை மறைக்கச் சொல்லியிருக்க வேண்டும். கடைசிக் கட்டத்தை மறைக்கச் சொல்லிவிட்டாள். அன்றைக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்ததால் அது யார் கண்ணிலும் படவில்லை, அவள் கண்ணிலும் படவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, சரிவின் உச்சியில், செங்குத்துப் பாறைக்கு அடியில், அளவுக்காரர் ஒரு புது விரிசலைக் கண்டுபிடித்தார். அதன் இரண்டு கரையிலும் முளை அடித்து, அறுபது சென்டிமீட்டர் இடைவெளி வைத்து, பன்னிரண்டாவது கருவியைத் தன் கையாலேயே மாட்டினார். அவளுக்கு அது மூன்று நிமிஷ வேலை. பட்டியலில் ஓர் எண்ணைச் சேர்த்தாள். மற்றதைப் புரோகிராம் பார்த்துக்கொண்டது. பன்னிரண்டாவது கருவியின் கோடுகளைப் பன்னிரண்டாவது இடத்தில் ஒழுங்காக வரைந்தது. பிறகு அடுத்த வரிக்கு வந்து, கடைசிக் கட்டத்தை மறைத்து, அதன் மேல் லெஜண்டை வைத்தது.

மறுநாள் தாள் வந்தது. எப்போதும் போல நிறைந்திருந்தது. எங்கும் ஓட்டை இல்லை, ஒன்றின் மேல் ஒன்று ஏறவில்லை. ஸ்கேல் சார் ஓரங்களை அளந்து கையெழுத்துப் போட்டார். கட்டங்களை எண்ணிப் பார்க்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தினம் பார்க்கிற தாளை யார் எண்ணுவார்கள்?

அளவுக்காரர் தாளைப் பார்க்கிற ஆள் இல்லை. வீட்டிலேயே படக்காரி இருக்கும்போது ஷெட்டுக்குப் போய் எட்டிப் பார்ப்பானேன் என்பது அவர் கட்சி. சாப்பிட உட்காரும்போது கேட்பார்.

"புதுசு எப்படி இருக்கு?"

"எல்லாம் படுத்துதான் கிடக்கு" என்பாள் அவள், மகளுக்குத் தலை வாரிக்கொண்டே.

அவள் பொய் சொல்லவில்லை. தாளில் இருந்த கோடெல்லாம் படுத்துத்தான் கிடந்தது.

இரண்டாவது வாரம் அவர் அதே கேள்வியை வேறு மாதிரி கேட்டார். "நல்லாப் பார்த்தியா? எனக்கென்னவோ அகலமான மாதிரி தெரியுது."

"பார்த்தேங்க. நேராத்தான் இருக்கு."

அவர் ஸ்கேல் சாரிடமும் போய்ச் சொன்னார். சார் தாளை எடுத்து மேலும் கீழும் பார்த்துவிட்டு, "படத்துல ஒண்ணும் இல்லையே. கண்ணுக்கு அப்படித்தான் தோணும். சிவப்பு வராம டேப் அளவை நான் எடுத்துக்க முடியாது. சந்தேகமா இருந்தா கருவியைப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். அளவுக்காரருக்கு எரிச்சல். கண்ணால் கண்டதைப் பொய் என்று ஒரு தாள் சொன்னால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

இருபத்திமூன்றாம் நாள் காலை அவர் சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார்: "நேத்து அந்த விரிசலுக்குள்ள கையை விட்டுப் பார்த்தேன். முழங்கை வரைக்கும் போகுது. உன் படத்துல நேராக் கிடக்குன்னா, கருவி செத்துப்போச்சுன்னுதானே அர்த்தம்? மத்தியானம் போய் வேற ஒண்ணை மாட்டிட்டு வந்துடறேன்."

"சரி, தண்ணி பாட்டிலை மறக்காதீங்க" என்றாள் அவள். மகளின் ஒரு கால் சாக்ஸைக் காணவில்லை. அவள் அதைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அன்று அலுவலகத்தில் வேறு கூத்து. மறுநாள் தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய ஆட்கள் வருவதாக இருந்தது. அவர்களுக்குக் கையடக்கமாகத் தாள் வேண்டும், எழுத்து மட்டும் பெரிதாக வேண்டும் என்றார் ஸ்கேல் சார். மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"இந்த லெஜண்டுக்கு ஒரு முழுக் கட்டம் எதுக்கும்மா? இடம் வீண். அடியில ஒரே வரியா நீட்டிவிட்டுடு."

நல்ல யோசனைதான். அவள் லெஜண்டைத் தாளின் அடிக்கு இறக்கி, மூன்று நிறத்தையும் பக்கம் பக்கமாக அடுக்கினாள். கடைசிக் கட்டத்தை மறைக்கும் வரி இனித் தேவையில்லை என்று அதை அழித்தாள். புரோகிராமை ஓட்டினாள். சார் தன் அறைக்குப் போய்விட்டார். மணி இரண்டு ஐந்து.

படம் வந்தது. கீழ் வரிசையின் கோடியில், இரண்டு வருஷமாக லெஜண்ட் இருந்த இடத்தில், சிவப்புச் சட்டம் போட்ட ஒரு கட்டம் நின்றது.

அதற்குள் நீலக்கோடு ஏறிக்கொண்டிருந்தது. முதல் வாரம் மெல்ல, அடுத்த வாரம் விறுவிறுவென்று, கடைசி மூன்று நாள் செங்குத்தாக. இருநூற்றுப் பத்து மில்லிமீட்டர். எல்லை எண்பது. பதினான்கு நாளைக்கு முன்பே அது எல்லையைத் தாண்டியிருந்தது. பதினான்கு நாளும் அவள் புரோகிராம் அந்தக் கட்டத்துக்குத் தவறாமல் சிவப்புச் சட்டம் போட்டிருக்கிறது. தவறாமல் அதை மூடியும் இருக்கிறது.

அப்போது அவள் மனசில் முதலில் வந்த நினைப்பு பள்ளத்தில் இருந்த நாற்பது பேரைப் பற்றியது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி இல்லை. இன்றைக்குத்தான் சிவப்பானது போலக் காட்ட முடியுமா என்றுதான் அவள் பார்த்தாள். அந்தக் கட்டத்தை மட்டும் இன்று காலையிலிருந்து தொடங்கச் சொன்னால் போதும். பழைய நாட்கள் தெரியாது. ஒரே ஒரு வரி. அதை எழுதவும் செய்தாள். எழுதிவிட்டு, கூசிப்போய், அழித்தாள். அதில் நான்கு நிமிஷம் போயிற்று. அந்த நான்கு நிமிஷத்தைப் பற்றி அவள் பிற்பாடு யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அழித்த பிறகுதான் கோட்டின் நுனியைப் பார்த்தாள். ஒன்று ஐம்பத்திரண்டோடு கோடு அறுந்திருந்தது. அதற்கப்புறம் புள்ளியே இல்லை. மற்றப் பதினோரு கட்டத்திலும் இரண்டு ஐந்து வரை புள்ளி வந்திருந்தது.

கருவி கெட்டுப்போகவில்லை. கழற்றியிருக்கிறார்கள். அவர் அங்கே நின்றுகொண்டிருக்கிறார்.

வாக்கிடாக்கி ஸ்கேல் சாரின் மேஜையில் இருந்தது. நாற்காலி கவிழ்ந்தது தெரியாமல் ஓடினாள். சார் ஏதோ கேட்டார்; அவள் காதில் விழவில்லை.

"என்னங்க, எங்க இருக்கீங்க?"

கொஞ்சம் இரைச்சல். பிறகு அவர் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு. "மேலதான். பழசைக் கழட்டிட்டேன். புதுசு மாட்டியாச்சு, ஒரே ஒரு திருகாணி பாக்கி. ஏன், என்ன?"

"அப்படியே போட்டுட்டு இறங்குங்க. பழசு செத்துப்போகலை. அது சரியாத்தான் இருந்துச்சு."

"நீதானே நேராக் கிடக்குன்னே?"

"நான் பார்த்த தாள்ல அது இல்லவே இல்லைங்க. அந்தக் கட்டத்து மேல லெஜண்டை வெச்சு நானே மூடியிருக்கேன். இத்தனை நாளும் ஏறிக்கிட்டே இருந்திருக்கு. ரெண்டு வாரமா சிவப்பு."

"எவ்வளவு?" என்றார்.

"இருநூத்திப் பத்து. இறங்குங்க, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

ஸ்கேல் சார் எழுந்து நின்றிருந்தார். அவள் அவர் பக்கம் திரும்பினாள். "சார், சங்கை ஊதுங்க."

"இரும்மா. இரு." அவர் கை சுவரில் இருந்த பொத்தானுக்குப் போய் நின்றது, அழுத்தவில்லை. "படம் தப்புன்னு இப்பத்தான் நீயே சொன்னே. தப்பான படத்தை நம்பி எப்படிம்மா ஊதறது? இதுவும் தப்பா இருந்தா? நாளைக்கு அவங்க வராங்க. ஒரு எண் வேணும். கையால அளந்த எண். விதி அதுதானே?"

"படம் தப்பில்லை சார். மூடினதுதான் தப்பு."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

இருபத்திமூன்று நாள் பொய்யான தாளை மெய் என்று நீட்டியவள், இன்று மெய்யான தாளை நீட்டும்போது அதை எதை வைத்து நம்புவார்கள்? அவருடைய கேள்வியில் ஒரு நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை.

வாக்கிடாக்கியை அவள் இன்னும் அழுத்திப் பிடித்திருந்தாள். பேசியதெல்லாம் மேலே கேட்டிருந்தது.

"சார் சொல்றது சரிதான்" என்றார் அளவுக்காரர். "இங்கதானே நிக்கறேன். அளந்துட்டே வந்துடறேன். கீழ ஆள் இருக்காங்க இல்ல?"

"வேணாங்க."

"டேப்பு கையிலதான் இருக்கு. பதறாம இரு."

அவர் அளந்தார். ஒரு முளையில் டேப்பை மாட்டி, விரிசலைத் தாண்டி, அடுத்த முளைக்குப் போக வேண்டும். எப்போதும் ஒரே எட்டில் தாண்டிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். அன்று சுற்றிக்கொண்டு போனார் போலிருக்கிறது, நேரமாயிற்று. மூன்று நிமிஷம் ஸ்கேல் சாரும் அவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள்.

"சார், அறுபது வெச்சேன். இப்ப எண்பத்திரண்டு இருக்கு" என்றது குரல். "ஊதிடுங்க. நான் கிளம்பறேன்."

சார் பொத்தானை அழுத்தினார். சங்கு அலறியது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் பள்ளத்தின் அடியில் மஞ்சள் தொப்பிகள் ஒவ்வொன்றாக வாகனங்களை விட்டு இறங்கி எதிர்ப்பக்கச் சரிவுப் பாதைக்கு ஓடுவது தெரிந்தது. சார் வாசலில் போய் நின்று சத்தமாக எண்ண ஆரம்பித்தார்.

அவள் தன் மேஜைக்குத் திரும்பினாள். உச்சியிலிருந்து இறங்க ஒரே ஒரு ஒற்றையடிப் பாதைதான். அது சரிவின் குறுக்காகவே வரும். அவர் நடைக்குப் பன்னிரண்டு நிமிஷம். நடந்துகொண்டே பேசவேண்டாம், காலடியைப் பார்த்து வாருங்கள் என்று சொல்லிவிட்டாள். அதனால் வாக்கிடாக்கி சும்மா இருந்தது.

படம் சும்மா இருக்கவில்லை. அதே முளைகளில் அவர் மாட்டிவிட்டு வந்த புதுக் கருவி வேலை செய்தது. அறுந்த கோட்டுக்கு இந்தப் பக்கம் நிமிஷத்துக்கு ஒன்றாகப் புள்ளி விழுந்தது. இருநூற்று இருபத்தைந்து. இருநூற்று முப்பத்தொன்று. கட்டம் போதாமல் போகும்போதெல்லாம் புரோகிராம் தானாகவே அளவை மாற்றி, கோட்டை உள்ளே அடக்கி, எண்களை ஒழுங்காக அடுக்கியது. அவள் ஒவ்வொரு புள்ளிக்கும் அவர் எங்கே வந்திருப்பார் என்று கணக்குப் போட்டாள். நான்காவது புள்ளிக்குப் பெரிய பாறை. ஆறாவதற்கு ஏழாம் கருவி. அதன் கோடு இன்னும் படுத்துக் கிடந்தது, அது ஆறுதலாக இருந்தது. எட்டாவது புள்ளியில் ஏழாம் கருவியின் கோடும் தலை தூக்கியது. அந்தச் சட்டம் சிவப்பாயிற்று. ஒன்பதாவது புள்ளி ஆயிரத்து நூறு என்று வந்தது. அவளுக்கு அது என்ன எண் என்றே புரியவில்லை.

அப்புறம் தரை அதிர்ந்தது. ஜன்னலில் வெளிச்சம் போய் வெறும் புழுதியாக நின்றது. வாசலில் யாரோ ஓடினார்கள், யாரோ பெயர் பெயராகக் கூப்பிட்டார்கள். அவள் நகரவில்லை. புரோகிராமை மறுபடி ஓட்டினாள். பன்னிரண்டு கட்டமும் வந்தன. மறுபடி ஓட்டினாள்.

வெகு நேரம் கழித்து ஸ்கேல் சார் வந்து பக்கத்தில் நின்றார். தலை முதல் கால் வரை சாம்பல் நிறமாக இருந்தார்.

"நாப்பது பேரும் ஏறிட்டாங்கம்மா" என்றார். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "எழுந்திரும்மா. வா."

"இருங்க சார்" என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நிமிஷத்துக்கு ஒரு புள்ளிதான் வரும்."

கடைசிப் புள்ளி வந்து இருபது நிமிஷம் ஆகியிருந்தது.